கை தூக்கச் சொல்ல மாட்டேன்

1. அடுப்பு

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சத்துணவுச் சமையலராக வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, கேஸ் அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழித்துவிட்டு, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாமலே ஊதி அணைத்தேன். மறுபடி கிழித்தேன். மறுபடி அணைத்தேன். சமையல் உதவியாளர் அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யக்கா, அது அடுப்புதான். கடிக்காது."

"ட்யூபு பழசா இருக்குதே அஞ்சல."

"நீ நிக்கற நெலையப் பாத்தா ட்யூபுதான் பயப்படும். குடு இங்க."

அன்றிலிருந்து அடுப்பை அவள்தான் பற்றவைப்பாள். மற்றப் பயமெல்லாம் என் பொறுப்பு. அண்டாவில் பல்லி விழுந்துவிடுமா, முட்டையில் அழுகினது கலந்திருக்குமா, பருப்பில் கல் இருக்குமா, சின்னப் பிள்ளை ஓடிவந்து சாம்பார் வாளியில் கையை விட்டுவிடுமா. சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்த நாட்கள் நிறைய. மூடித்தான் இருக்கும். ஆனாலும் மறுநாளும் திரும்பி வருவேன்.

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிற சமையலர் பிள்ளைகள், "அதிகாரிய எதுத்து நின்னீங்களாமே ஆயாம்மா, அவ்ளோ தைரியமா?" என்று கேட்கிறார்கள். தைரியமெல்லாம் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் ஒன்றையும் திருத்த வேண்டாம்.

2. காலையில் கேட்கும் கேள்வி

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் எங்கள் பள்ளி. நடுநிலைப் பள்ளி, எட்டாவது வரை. அப்பா சூளையில் நிற்பார், அம்மா பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பாள், பிள்ளை எங்களிடம் வரும். நானும் பள்ளியை விட்டதும் அந்தக் கம்பெனிகளில் ஒன்றுக்குத்தான் போனேன். அச்சிலிருந்து எடுத்த சாமானின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலை, ஃபினிஷிங் என்பார்கள். வீட்டுக்காரர் இறந்த பிறகு சத்துணவில் வேலை கிடைத்தது.

எங்கள் அமைப்பாளர் அம்மாவுக்கு எங்கள் பள்ளியோடு வேறு பள்ளிகளும் பொறுப்பு. வருவார், அரிசி, பருப்பு, முட்டை இருப்பைப் பார்ப்பார், ஸ்டோர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் பஸ் பிடிக்க ஓடுவார். மற்றபடி தினமும் சமையல்கட்டை நடத்துவது நானும் அஞ்சலையும்.

இந்த வேலையில் எல்லாமே எண்ணிக்கையில்தான் ஆரம்பிக்கும். இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று தெரிந்தால்தான் அரிசி அளக்க முடியும், முட்டை வேகவைக்க முடியும். குறைந்தால் வரிசையில் கடைசியில் நிற்கிற பிள்ளை வெறும் தட்டோடு நிற்கும். மிஞ்சினால் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. குழியில் கொட்டி மூட வேண்டும். சோற்றைக் குழியில் கொட்டுவதை நான் ஒரு தடவைதான் செய்தேன். அன்றைக்கு வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் பள்ளியில் எண்ணிக்கை எடுப்பது ஒரே மாதிரிதான். காலை பிரேயர் முடிந்ததும் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்பார்கள்: "சத்துணவு சாப்புடறவங்க கை தூக்குங்க." தூக்கின கைகளை எண்ணுவார்கள். அஞ்சலை வகுப்பு வகுப்பாகப் போய் அந்த எண்ணிக்கையை வாங்கி வருவாள்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதில் தொந்தரவே இல்லை. அதுகள் இரண்டு கையையும் தூக்கும். "ஒரு கைதான்டா" என்றால் காலைத் தூக்கும். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் வேறு. அங்கே கைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தன. பிள்ளைகள் எண்ணிக்கை குறையவில்லை, கைகள்தான் குறைந்தன. எனக்கு முதலில் விளங்கவில்லை. என் சமையலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, கொஞ்ச நாள் தாளிப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

3. தண்ணீர் டேங்குக்குப் பின்னால்

எட்டாம் வகுப்பில் சத்யா என்று ஒரு பெண். அம்மா பொம்மைக் கம்பெனியில் பெயின்டிங் வேலை, அப்பா இல்லை. ஏழாவது படிக்கும்வரை முதல் ஆளாக வரிசையில் நிற்பாள். "ஆயாம்மா, அடியில பிடிச்சது இருந்தா எனக்குப் போடுங்க" என்று கேட்டு வாங்குவாள். தக்காளி சாதத்தில் அடி பிடித்த பகுதி அவளுக்கு உயிர்.

எட்டாவது வந்ததும் அவள் வருவது நின்றது. வீட்டில் சோறு கட்டிக் கொடுக்கிறார்கள் போல என்று இருந்துவிட்டேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சமையல்கட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோய், குடத்தை எடுத்துக்கொண்டு டேங்குப் பக்கம் போனேன். பின்னால் சத்யா தனியாக உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ், மூடியைத் தூக்கி மறைவு மாதிரி பிடித்திருந்தாள். வலது கை பாக்ஸுக்குள் போகிறது, வாய்க்கு வருகிறது, மெல்லுகிறாள். நான் பக்கத்தில் போனதும் பாக்ஸை மூடினாள். அவள் மூடுவதற்குள் நான் பார்த்துவிட்டேன். உள்ளே ஒன்றுமில்லை. ஈரம்கூட இல்லை.

"என்னாடி இது?"

"வூட்ல கட்டிக் குடுத்தாங்க ஆயாம்மா. சாப்ட்டு முடிச்சிட்டேன்."

"கழுவி வச்ச மாதிரி இருக்குது?"

மூடியை இன்னும் அழுத்திப் பிடித்தாள். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அப்படி உட்காரப் பயம், டீச்சர் யாராவது பார்த்தால் வேலை நேரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள். உட்கார்ந்தேன்.

"சாப்புட வெக்கமா இருக்குதா?"

"சாப்புட என்னா வெக்கம்? கை தூக்கத்தான் ஆயாம்மா. எங்க கிளாஸ்ல நாலஞ்சு பேருதான் தூக்குவோம். தூக்குனதும் எல்லாம் திரும்பிப் பாக்கும். அந்தப் பிரவீன் இருக்கான்ல, 'ஓசிச்சோறு ஒண்ணு, ஓசிச்சோறு ரெண்டு'ன்னு எண்ணுவான். டீச்சர் எண்ணி முடிக்கிற வரைக்கும் கைய எறக்கக் கூடாது."

"சரி, நீ கை தூக்க வேணாம். மணி அடிச்சதும் பின்பக்கமா சமையல்கட்டுக்கு வா. நான் போட்டுத் தரேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஏதோ தகாத வார்த்தை சொன்ன மாதிரி.

"ஒளிச்சு வச்சுப் போடுவீங்களா? அதுக்கு இது தேவலாம்." வெறும் பாக்ஸைத் தட்டிக் காட்டினாள். "பரவால்ல ஆயாம்மா. அரைப் பரீட்சை முடிஞ்சதும் அம்மா கம்பெனிக்கே வந்துருன்னு சொல்லுது. அங்க யாரும் கை தூக்கச் சொல்ல மாட்டாங்க."

குடத்தில் தண்ணீர் பிடிக்காமலே திரும்பி வந்தேன். அவள் படிக்கிற அதே எட்டாவதில்தான் நானும் பள்ளிக்கூடத்தை விட்டேன். "படிப்பு ஏறல" என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். படிப்பு ஏறாமல் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

4. ஹெச்.எம். ரூம்

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. கண்டிப்பானவர். எங்கள் சாம்பாரில் உப்பு குறைந்தால் தாமே சமையல்கட்டுக்கு வந்து போடுகிறவர். அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றபோது என் முழங்கால் ஆடியது. புடவை மறைத்தது.

"டீச்சர், பெரிய கிளாஸுங்கள்ல கை தூக்கச் சொல்ல வேணாம்."

"ஏன் மேரிம்மா, என்னாச்சு?"

சொன்னேன். சத்யா பேரைச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிரவீன நான் கூப்புட்டுக் கண்டிக்கிறேன். சரியா?"

"அவன் நிறுத்தினா இன்னொருத்தன் எண்ணுவான் டீச்சர். கை மேல நிக்கற வரைக்கும் எவனாவது எண்ணத்தான் செய்வான்."

"அப்புறம் எத்தினி பேருக்கு ஆக்குவீங்க? குத்துமதிப்பா ஆக்கி, மிஞ்சி, குழியில கொட்டுவீங்களா? பி.டி.ஓ. ஆபீஸ்லேர்ந்து வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது? காலங்காலமா இப்பிடித்தான் எடுக்கறோம். நீங்க சமையலப் பாருங்க."

பேச்சு முடிந்துவிட்டது. நான் போக வேண்டியதுதான். கால் நகரவில்லை.

"டீச்சர், கை தூக்கி எடுத்த எண்ணிக்கைய அந்த மூணு கிளாஸுக்கு நான் வாங்க மாட்டேன்."

"என்னது?"

"வாங்க மாட்டேன் டீச்சர். அஞ்சலையும் வர மாட்டா." அஞ்சலையை நான் கேட்கவே இல்லை.

டீச்சருக்குக் கோபம் வந்தது தெரிந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு மாதிரியும் ஒன்று வந்தது. "கேஸ் பத்தவைக்கவே ஒங்களுக்குக் கை நடுங்கும். இங்க வந்து என்னை மெரட்டறீங்களா? சரி. எனக்கு எண்ணிக்கை வேணும். எப்பிடி எடுப்பீங்களோ, நாளைக்குக் காலைல வழியோட வாங்க. வழி இல்லன்னா பழையபடி கைதான்."

5. ஜாடி

மறுநாள் காலை பழைய கம்பெனி வழியாக வந்தேன். வாசலில் ரிஜெக்ட் குவியல் கிடந்தது. மின்சார சாமான்களுக்குள்ளே போகிற குட்டிக் குட்டிப் பீங்கான் வில்லைகள். கோணினது, விரிசல் விட்டது, சூளையில் ஒட்டிக்கொண்டது. எங்கள் பிள்ளைகள் எல்லாருடைய பாக்கெட்டிலும் இது கிடக்கும். அஞ்சாங்கல் ஆடுவதே இதில்தான். பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. மேஸ்திரியைக் கேட்டு ஒரு பை நிறைய அள்ளினேன். மேல்பூச்சான கிளேஸ் கொப்பளித்துக் கழித்துப் போட்ட ஊறுகாய் ஜாடி ஒன்றையும் கேட்டேன்.

"இத வச்சு என்னா மேரி பண்ணப் போற? மாங்காவா போடப் போற?"

"பிள்ளைங்களப் போடப் போறேன் மேஸ்திரி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்திருந்தது.

பெரிய வகுப்புகள் மூன்றும் மாடியில். படிக்கட்டின் கீழே ஜாடியை வைத்தேன். அஞ்சலை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முறை இதுதான்: மேலே போகிற ஒவ்வொரு பிள்ளையும் பைக்குள் கையை விட வேண்டும், மூடின கையை எடுத்து ஜாடிக்குள் விட வேண்டும். சாப்பிடுகிறவர் கையில் வில்லை இருக்கும், சாப்பிடாதவர் கையில் ஒன்றும் இருக்காது. மூடின கையில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். முதல் பிள்ளை கையை விட்டது. டணங்! பீங்கான் ஜாடியில் பீங்கான் வில்லை விழுந்தால் கோயில் மணி மாதிரி கேட்கும் என்பது, இத்தனை வருஷம் பீங்கானில் கிடந்த எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது கை, சத்தமில்லை. மூன்றாவது, டணங்! வரிசையில் பின்னால் நின்ற பிரவீன் பிடித்துக்கொண்டான்.

"ஓசி டணங்! டேய், ஓசி டணங்!"

வரிசையே சிரித்தது. அதற்கப்புறம் ஜாடியில் டணங் குறைந்துகொண்டே போனது. சத்யா வந்தாள், கையை விட்டாள், எடுத்தாள். சத்தமில்லை. என்னைப் பார்க்காமல் மேலே போனாள். கை தூக்கினால் வகுப்பு மட்டும் திரும்பிப் பார்த்தது. நான் பள்ளிக்கே மணி கட்டிவிட்டேன்.

அஞ்சலை, "யக்கா, அழுவாத. ஜாடிய ஒடச்சுப் போட்டுரலாம்" என்றாள்.

மத்தியானம் நானே டேங்குக்குப் பின்னால் போனேன். சத்யா இருந்தாள். அன்றைக்கு நடிக்கக்கூட இல்லை, பாக்ஸை மூடியே வைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் பேசினாள்.

"சாப்புடாதவங்களும் ஒண்ணப் போட்டா எல்லாமே டணங்குன்னுதான கேக்கும்?"

"எல்லாரும் போட்டா எத்தினி பேருன்னு எப்பிடிடி தெரியும்?"

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வில்லையில் இரண்டு வகை உண்டு. கிளேஸ் போட்டது வழவழவென்று வழுக்கும். கிளேஸ் போடாதது சொரசொரவென்று விரலைப் பிடிக்கும். சைஸ் ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும் எது எது என்று சொல்லிவிடும். இரண்டையும் ஒரே பையில் கலந்து போட்டால்? உள்ளே கையை விட்டுத் தடவி, சாப்பிடுகிறவர் வழவழ, சாப்பிடாதவர் சொரசொர. எல்லாரும் போடுவார்கள். எல்லாமே டணங்.

6. புதன்கிழமை

மறுநாள் புதன்கிழமை. டீச்சரிடம் இன்னும் ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கியிருந்தேன். தக்காளி சாதம், மிளகு முட்டை. காலையில் பையும் ஜாடியும் படிக்கட்டின் கீழே வந்தன. டணங் டணங் டணங் என்று வரிசை நகர்ந்தது. பிரவீன் முதல் பத்துப் பேருக்கு "ஓசி டணங்" என்று சொல்லிப் பார்த்தான். அவன் முறை வந்தது, அவனுக்கும் டணங். அஞ்சலை சொன்னாள்: "ராசா, நீயும் அடிச்சிட்ட. மேல போ."

சமையல்கட்டில் ஜாடியைக் கவிழ்த்து வழவழவையும் சொரசொரவையும் பிரித்தோம். பிரித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினோம். தூக்கின கைகளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வழவழ.

அஞ்சலை, "பசங்க வெளையாடிட்டானுங்கக்கா" என்றாள். டீச்சரிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார். "பாதிக்கு ஆக்குங்க மேரிம்மா. எதுக்கு ரிஸ்க்கு?"

பாதிக்கு ஆக்கினால், வருகிற பிள்ளை வெறும் தட்டோடு திரும்பும். ஒரு தடவை திரும்பினால் அப்புறம் ஜென்மத்துக்கும் வராது. முழுக்க ஆக்கி வராவிட்டால் குழி. இரண்டு தடவை ஸ்டோரைத் திறந்து மூடினேன். அப்புறம் ஜாடி சொன்ன எண்ணிக்கைக்கே அரிசி அளந்தேன்.

மணி அடித்தது. சின்னப் பிள்ளைகள் வழக்கம்போல ஓடி வந்தன. பெரிய வகுப்பில் வழக்கமாக வருகிற சிலர் வந்தார்கள். பிறகு யாரும் இல்லை. அண்டாவில் சோறு அப்படியே இருந்தது. வராண்டாவில் பெரிய பிள்ளைகள் கும்பலாக நின்றார்கள், தூணோடு தூணாக. எங்களைப் பார்க்கிறார்கள், வரவில்லை.

அந்த நேரம் பார்த்து கேட்டில் ஜீப் வந்தது. பி.டி.ஓ. ஆபீஸில் சத்துணவைப் பார்க்கிற அதிகாரி. சொல்லாமல் வருவதுதான் அவர் வேலை. நேராக அண்டாவுக்கு வந்து மூடியைத் திறந்தார்.

"என்னம்மா இது? இவ்ளோ மீதி?"

"இனிமேதான் சார் வருவாங்க."

"மணி அடிச்சு எவ்ளோ நேரமாச்சு? காலைல எத்தினி கை?"

டீச்சர் பின்னாலேயே வந்துவிட்டார். நான் ஜாடி விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி ஜாடியை எட்டிப் பார்த்தார், ஒரு வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கோலி வெளையாடறதுக்கா கவர்மென்ட் அரிசி குடுக்குது? யார் யார் போட்டாங்கன்னு பேரு சொல்லுங்க."

"தெரியாது சார். தெரியக் கூடாதுன்னுதான் ஜாடி."

"அப்ப இப்ப கேட்டுருவோம்." வராண்டாவைப் பார்த்துத் திரும்பினார். "டீச்சர், பசங்கள லைனா நிக்க வைங்க. வழவழப்பா இருந்தத எவன் எவன் போட்டானோ கை தூக்கச் சொல்லுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கரண்டியை அண்டாவில் போட்டுவிட்டு, வராண்டாவுக்கும் அதிகாரிக்கும் நடுவில் போய் நின்றேன். முழங்கால் ஆடியது. இந்தத் தடவை புடவைக்கு மேலேயே தெரிந்திருக்கும்.

"வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"கை தூக்கச் சொல்ல மாட்டோம் சார். மிஞ்சினா என் பேர்ல எழுதுங்க. குழிய நானே வெட்டறேன். பிள்ளைங்களக் கை தூக்கச் சொல்லக் கூடாது."

"ஏம்மா, நான் யார்னு தெரியுதா?"

"தெரியுது சார். அதனாலதான் இப்பிடி நடுங்குது."

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அவர் முகம் சிவந்தது. பேனாவை எடுத்தார். அப்போது வராண்டா படியில் காலடிச் சத்தம் கேட்டது. சத்யா. நேராக, அவரையும் என்னையும் தாண்டி, அண்டாவுக்குப் போனாள். மடியில் வைத்து மறைத்த அதே டிபன் பாக்ஸ். இப்போது மூடி இல்லாமல், இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்திருந்தாள்.

"ஆயாம்மா, தட்டு எடுத்தாரல. காலைல தட்டோட வந்தா தெரிஞ்சிரும்ல. இதுல போடுவீங்களா?"

தட்டு! பல்லி, கல், அழுகின முட்டை, கேஸ் ட்யூபு என்று உலகத்துக் கவலையெல்லாம் பட்ட எனக்குத் தட்டு நினைவுக்கு வரவில்லை. சாப்பிடுகிற பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவருவதுதான் எங்கள் பள்ளி வழக்கம். ஜாடியில் ரகசியமாகப் போட்ட பிள்ளை பையில் தட்டைச் செருகிக்கொண்டா வரும்? தட்டில்லாமல் வரிசையில் எப்படி நிற்பது என்று தெரியாமல்தான் அத்தனை பேரும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

நான் கரண்டியை எடுத்தேன். அவசரத்தில் சோறு பாக்ஸுக்கு வெளியிலும் விழுந்தது. முட்டையை வைத்தேன். "அடியில பிடிச்சது இருக்குதா?" என்றாள். சுரண்டிப் போட்டேன்.

அவளுக்குப் பின்னால் ஒருத்தி பாக்ஸ் மூடியை நீட்டினாள். இன்னொருத்தன் தோழனோடு பாக்ஸைப் பங்கு போட்டு வந்தான். அஞ்சலை சமையல்கட்டிலிருந்த குண்டான் மூடி, தாம்பாளம் என்று முறத்தைத் தவிர எல்லாவற்றையும் எடுத்து வந்து கொடுத்தாள். டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், டீச்சர்களுடைய சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் ஒருத்தன் வெறுங்கையோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிரவீன்.

அஞ்சலைக்கு நாக்கு சும்மா இருக்காது என்று எனக்குப் பயம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பருப்புக் குண்டான் மூடியைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். நான் சோறு போட்டேன். அவன் போய் சத்யா உட்கார்ந்த வரிசையிலேயே உட்கார்ந்தான். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "டணங்" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். எனக்கும் கேட்டுவிட்டது.

அண்டா காலியானது. எனக்கும் அஞ்சலைக்கும் மிஞ்சவில்லை. அதிகாரி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். சாப்பாட்டைச் சோதித்துப் பார்ப்பதும் அவர் வேலைதான். சோதிக்க ஒரு பருக்கையும் இல்லை.

7. மெமோ

மெமோ வந்தது. அனுமதி இல்லாமல் எண்ணிக்கை எடுக்கும் முறையை மாற்றியது, ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு ஒத்துழைக்காதது. விளக்கம் கேட்டிருந்தார்கள். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் மாதிரி இருந்தது. வேலை போனால் என்ன செய்வது என்று அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். மறுபடி ஸ்பாஞ்சு பிடிக்க விரல் வளையாது.

விளக்கம் எழுதி டீச்சரிடம் கொண்டுபோனேன். பெரிய வகுப்புகளில் கை தூக்கச் சொன்னால் பசித்த பிள்ளை கை தூக்குவதில்லை, ஜாடி வைத்தால் பசித்த பிள்ளை சாப்பிடுகிறது, அதனால் ஜாடியை எடுக்க மாட்டேன். அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

டீச்சர் படித்தார். "கடைசில 'மன்னிக்கவும்'னு ஒரு வார்த்தை சேத்துக்குங்க மேரிம்மா. அவங்க மனசு எறங்கும்."

"எல்லாம் எழுதறேன் டீச்சர். அது வராது."

"வராதா?"

"கை ஓடல டீச்சர்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். 'இம்முறை தலைமையாசிரியரின் ஒப்புதலோடு நடைபெறுகிறது, தொடர்ந்து நடைபெறும்.' ஸ்டோரைக் கிளறியபோது மூட்டைகளுக்கு அடியில் பழைய தட்டுகள் கிடைத்தன. அவற்றை எடுத்துத் துலக்க வைத்து, இனி யாரும் வீட்டிலிருந்து தட்டுக் கொண்டுவர வேண்டாம் என்றும் பிரேயரில் சொன்னார்.

அதற்குப் பிறகு இன்னொரு மெமோ வந்தது. அதற்கும் அதே பதில்தான் எழுதினோம். ஜாடி படிக்கட்டின் கீழேயே இருக்கிறது.

அரைப் பரீட்சை முடிந்து சத்யா கம்பெனிக்குப் போகவில்லை. எட்டாவது முடித்து, ஒன்பதாவதுக்கு வேறு பள்ளியில் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். புது யூனிஃபார்ம், கொஞ்சம் பெரிது.

"அங்கயும் கை தூக்கச் சொல்றாங்க ஆயாம்மா."

"நீ என்னா பண்ண?"

"நான் தூக்கிட்டேன். எனக்கு இப்ப ஒண்ணும் இல்ல. நான் மட்டுந்தான் தூக்கினேன். மத்ததுங்க பாக்ஸத் தொறந்து வச்சுகிட்டு வெறும் வாய மெல்லுதுங்க. எனக்குத் தெரியாதா?" அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். "அந்த ஹெச்.எம். சார்கிட்ட நாளைக்குப் பேசப் போறேன். ஒரு ஜாடி வேணும்."

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அரிசி அளப்பதற்கு முன்னால், அந்த எண்ணிக்கை எப்படி எடுத்தது என்று கேளுங்கள். சோறு நன்றாக இருந்தும் பிள்ளை வரவில்லை என்றால் தாளிப்பை மாற்றாதீர்கள், போய் டேங்குக்குப் பின்னால் பாருங்கள். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில், பயம் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் போகவில்லை.

மேஸ்திரியிடம் சொல்லி இன்னொரு ரிஜெக்ட் ஜாடி வாங்கி வைத்திருந்தேன். எங்கள் ஜாடி உடைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வாங்கினது. அதைத் துடைத்து, வில்லைகளை இரண்டு வகையும் கலந்து பையில் போட்டு, அவள் கையில் கொடுத்தேன். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அந்த சார் திட்டினா பயந்துராத" என்றேன்.

"பயந்துகிட்டே நிப்பேன் ஆயாம்மா. ஒங்களாட்டம்."

கேட் வரைக்கும் கூடவே போனேன். "ரோட்டு ஓரமா போ. பஸ்ஸுல மடியில வச்சுக்க, கீழ வைக்காத. போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்று அவள் திருப்பத்தில் மறைகிற வரை சொல்லிக்கொண்டே நின்றேன். அப்புறம்தான் சிலிண்டரை மூடினோமா என்று நினைவு வந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.